கை ஆடினால் ஓடும்

கண்ணுல லென்ஸ் வச்ச கறுப்புக் குழாயை மாட்டிக்கிட்டு பல்கீஸ் என் வாட்சுக்குள்ள எட்டிப் பாக்குது, நான் வாட்சைப் பாக்கல, அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறேன், உதட்டைப் பிதுக்குதா, புருவம் ஏறுதா, ஏதாச்சும் ஒரு பல்லு தேஞ்சிருக்குன்னு சொல்லிராதா, ஒரு சக்கரம் உடைஞ்சிருக்குண்ணே, இது தேறாதுண்ணேன்னு சொல்லிராதா, சொல்லு தாயி, உனக்குப் புண்ணியமாப் போகும். தன் வாட்ச் கெட்டுப் போயிருக்கணும்னு சாமி கும்பிடுற மொத ஆளு இந்த மதுரையில நானாத்தான் இருப்பேன். மாடிப்படிக்குக் கீழ அலமாரி மாதிரி ஒரு வாட்ச் ரிப்பேர் கடை, அதுக்குள்ள ஒரு டேபிள் லைட்டு, ஒரு பல்கீஸ், சுவரு பூரா கடிகாரம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மணி காட்டுது, இதுகளுக்கு நடுவுல உக்காந்து ஒரு மனுஷி புத்தி பேதலிக்காம இருக்குறதே பெருசு. நாலு நாளைக்கு முன்னாடி குடுத்துட்டுப் போனேன். லேட்டா ஓடுதும்மா, காலையில சரியா வச்சா சாயங்காலம் பின்னாடி நிக்குது, ராத்திரி கழட்டி வச்சா விடியுறதுக்குள்ள செத்துப் போகுது, கையில எடுத்து ஒரு ஆட்டு ஆட்டினா மறுபடி உசுரு வருதுன்னு சொன்னேன். சாவி குடுக்கிறீங்களான்னு கேட்டுச்சு. இது ஆட்டோமேட்டிக்மா, எங்க அண்ணன் சிங்கப்பூர்ல இருந்து கொண்டாந்தது, கை ஆடினா ஓடும்னேன். கை ஆடினா ஓடும். இதை நான் எத்தனை பேருகிட்ட பெருமையாச் சொல்லியிருக்கேன், உள்ள பாதி நிலா மாதிரி ஒரு தகடு இருக்குய்யா, நாம கையை வீச வீச அது சுத்தும், அது சுத்தச் சுத்த ஸ்பிரிங்கு இறுகும், சாவியும் வேணாம், பேட்டரியும் வேணாம், நாம உசுரோட நடமாடினாப் போதும், அது பாட்டுக்கு ஓடும்னு. பெருமையாச் சொன்ன வாய்க்கு இப்ப அதை நெனைக்கவே கசக்குது. கையை வீச வீச. சோணைமுத்து, வாயை மூடிக்கிட்டு நில்லு, அந்தப் பொண்ணு பாத்துச் சொல்லட்டும்.

அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுச்சு. இதே வாட்ச், இதே இடது கை. சிங்கப்பூர்லயும் இங்க மில்லுலயும் ஃபிட்டரா இருந்த மனுஷன், இரும்போட மல்லுக்கட்டுன கை, ஒருநாள் வாட்ச் லேட்டா ஓடுதுடான்னாரு. கடை கடையா ஏறி எறங்கினாரு, ஒருத்தன் எண்ணெய் போட்டான், ஒருத்தன் ஸ்பிரிங்கை மாத்தினான், எல்லாரும் நல்லாத்தான் இருக்குன்னு சொல்லிக் குடுத்தானுங்க, இவரு கையில போட்டா மறுபடி லேட்டு. களவாணிப் பயலுக, ஒருத்தனுக்கும் தொழில் தெரியலன்னு கத்துவாரு. அப்புறம் சட்டைப் பித்தான் போட நேரமாச்சு. அப்புறம் மதினி வைக்கிற அயிரை மீன் குழம்பு, தெருமுனை வரைக்கும் மணக்கும், இவரு இன்னைக்கு என்ன சமையல்னு கேட்டாரு, மூக்குக்கு நேரா சட்டி இருக்கு, வாசம் தெரியல. அப்புறம்தான் ஆஸ்பத்திரி. சின்ன வயசு டாக்டரு, ஊசியும் போடல, படமும் எடுக்கல, வராந்தாவுல கொஞ்சம் நடந்து காட்டுங்க ஐயான்னாரு. அண்ணன் நடந்தாரு. நானும் மதினியும் பாத்துக்கிட்டு நின்னோம், எங்களுக்கு ஒண்ணும் தெரியல, அண்ணன் நடக்கிறாரு அம்புட்டுத்தான். டாக்டரு சொன்னதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுச்சு, வலது கை வீசுது, இடது கை வீசல, வயித்துப் பக்கம் மடங்கி சும்மா கூட வருது. பார்க்கின்சன், கை கால் நடுங்குற வியாதி. நடுக்கம் அப்ப வரவே இல்ல. வீட்டுக்கு வந்து அண்ணன் வாட்சைக் கழட்டிக் கையில வச்சுப் பாத்துட்டுச் சிரிச்சாரு, ‘டாக்டருக்கு முந்தியே இது சொல்லியிருக்குடா சோணை, நான்தான் வாட்ச் கடைக்காரனை எல்லாம் வஞ்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்’னாரு. பெறகு நடுக்கம் வந்துச்சு, வந்தப்புறம் வாட்ச் நிக்கவே இல்ல, அந்தக் கருமத்துக்கும் சிரிச்சாரு, இப்பப் பாருடா டாண்ணு ஓடுதுன்னு. சிரிக்கிற மூஞ்சி போனதுதான் எனக்குத் தாங்கல. கடைசி வருஷம் அந்த மூஞ்சியில ஒண்ணுமே வராது, சிரிக்கிறாரா அழுகுறாரான்னு கண்ணைப் பாத்துத்தான் கண்டுபிடிக்கணும். மதினி சோத்தைப் பிசைஞ்சு ஊட்டுவாங்க, கடைவாயில வழியும், நான் வேட்டியைக் கட்டி விடுவேன், இடுப்புல நிக்காது. அவரு போனதுக்கு அப்புறம் மதினிதான் வாட்சைக் கொண்டாந்து, உங்க அண்ணன் உங்களுக்குத்தான்னு சொன்னாருன்னு குடுத்தாங்க. வாங்கிக் கட்டினேன். கட்டினதுல இருந்து சும்மா சொல்லக் கூடாது, நின்னதே இல்ல, நான் வேலை பாக்குற ஜவுளிக்கடைச் சுவர்க் கடிகாரம் இதைப் பாத்து மணி வச்சுக்கலாம், அப்படி ஓடுச்சு. இப்பக் கொஞ்ச நாளா இப்படி. வாட்ச் அதேதான். அப்ப மாறினது எது? இந்த இடத்துக்கு வந்தா நெனைப்பு அதுக்கு மேல போக மாட்டேங்குது, சுத்திச் சுத்தி இதே இடத்துலதான் வந்து முட்டுது.

“அண்ணே, வாட்சுல ஒண்ணும் இல்லண்ணே.” பல்கீஸ் குழாயைக் கழட்டி வச்சுட்டுச் சொல்லுது, நல்ல சேதி சொல்ற மாதிரி சிரிச்சுக்கிட்டே சொல்லுது. நல்லாப் பாத்தியாம்மா? “பிரிச்சுப் பாத்து, துடைச்சு, எண்ணெய் வச்சு, முழுசா முறுக்கி வச்சுப் பாத்தேன், ஒரு செகண்டு முன்ன பின்ன இல்ல. தகடு நல்லாச் சுத்துது. பழைய சரக்கு, கல்லு மாதிரி இருக்கு. உங்க கையிலதாண்ணே ஆட்டம் பத்தல.” என்னம்மா சொல்ற. “ஆமாண்ணே, ஸ்பிரிங்கு பாதிகூட ஏற மாட்டேங்குது, அரை வயித்துக் கஞ்சியில எம்புட்டு தூரம் ஓடும், அதான் இழுக்குது. பென்ஷன் வாங்கிட்டு வீட்ல உக்காந்திருக்குறவங்களுக்கு இப்படி வரும். நீங்க என்ன வேலை பாக்குறீங்க?” ஜவுளிக்கடைன்னேன், மாசி வீதியில, பட்டு செக்‌ஷன்ல. “அப்படின்னா நிக்கக் கூடாதேண்ணே” அப்படின்னு அந்தப் பொண்ணு புருவத்தைத் தூக்குச்சு பாருங்க, அந்தப் புருவம் இன்னும் என் முன்னாடி நிக்குது. “சேலை விரிக்கிற கைக்கு வாட்ச் நிக்கவே நிக்காதே? எங்கிட்ட வர்றவங்கள்ல ஜவுளிக்கடைக்காரங்க வாட்ச்தான் எப்பவும் முழு வயிறா இருக்கும். இடது கைக்கு என்னமும் அடிகிடி பட்டுச்சா? தோள்பட்டை வலியா?” இல்லம்மா, ஒண்ணும் இல்ல. எம்புட்டு ஆச்சு? “அட போங்கண்ணே, ஒண்ணுமே பண்ணலையே, எண்ணெய்க்கு என்னத்த வாங்குறது. கையை நல்லா வீசி நடங்க, சரியாப் போகும்.” காசு வேணாங்குது. காசு வேணாம்னு சொல்ற டாக்டரைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது, அண்ணனுக்குக் கடைசியில பாத்தவரும் இப்படித்தான், காசு இருக்கட்டும், பரவால்லைன்னாரு. வாட்சைக் கட்டிக்கிட்டேன். கொக்கி ஒரே தடவையில விழுந்துச்சு. விழுந்துச்சா? விழுந்துச்சு. வலது கைதானே மாட்டுச்சு, அது நல்ல கைதானே, அதுல என்ன சந்தோஷம் உனக்கு.

கையை வீசி நடங்கன்னா எப்படி நடக்கிறது. சந்து முனை வரைக்கும் வீசினேன், ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற மாதிரி வீசியிருப்பேன் போல, எதிர்ல வந்த கீரைக்காரம்மா ஒதுங்கி வழி விட்டுச்சு. நாமளா வீசினா அது கணக்குல வராதுடா, தன்னால வீசணும், அதைத்தான் அந்த டாக்டரு பாத்தாரு. சரி, நெனைக்காம நடப்போம். நெனைக்காம நடக்கணும்னு நெனைச்சுக்கிட்டே நடக்கிறேன், இடது காலு போகும்போது எந்தக் கை போகணும்னே மறந்து போச்சு, ஆத்தாடி, இத்தனை வருஷமா எப்படி நடந்தேன்? பாத்திரக் கடைக் கண்ணாடியில ஒரு ஆள் வர்றான், முழுக்கைச் சட்டை, இன் பண்ணி, பெல்ட்டு போட்டு, மூஞ்சியப் பாத்தா கடன்காரனைக் கண்டவன் மாதிரி, அது நான்தான், அவன் இடது கையைப் பாக்குறேன், அவனும் என் கையைப் பாக்குறான், ரெண்டு பேரும் நின்னுட்டோம். “என்னண்ணே, குத்துவிளக்கு பாக்குறீங்களா?” கடைக்காரன் கேக்குறான். இல்லப்பா. காபிக்கடை வாசல்ல நின்னு மூக்கை நல்லா இழுத்தேன், காபி மணந்துச்சு, டிகாஷன் மணம், பக்கத்துல வடை எண்ணெய், அதுக்கும் அங்கிட்டு சாக்கடை, எல்லாமே மணக்குது, சாக்கடை நாத்தம் மூக்குல ஏறினதுக்குச் சந்தோஷப்பட்டேன் நான், கேட்டா சிரிப்பாங்க. சட்டைப் பித்தானைக் கழட்டிப் போட்டுப் பாத்தேன். நடுத்தெருவுல. அடச்சீ, என்ன பொழப்பு இது. பஞ்சவர்ணத்துக்கிட்ட சொல்லணுமா? சொன்னா ஒண்ணும் பேச மாட்டா, அதான் பயம், என் பொண்டாட்டி வாய்க்கு இந்தத் தெருவே பதில் சொல்ல முடியாது, ஆனா அண்ணனுக்கு ஆனப்ப மூணு நாளு பேசாம அடுப்படியிலேயே உக்காந்திருந்தா. மதினி பட்ட பாட்டையெல்லாம் கூட இருந்து பாத்தவ. இவ கையால சோத்தை ஊட்ட, என் வாயில வழிய, இவ முந்தானையில துடைக்க, நான் சிரிக்கிறேனா அழுகுறேனான்னு இவ என் கண்ணைப் பாத்துக்கிட்டு... வேணாம்யா. லாரியில அடிபட்டுப் போனாக்கூட சட்டுன்னு போயிரலாம். இல்ல, அப்படி நெனைக்கக் கூடாது, வாயைக் கழுவு. அண்ணன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. இன்னைக்குக் கஞ்சி நல்லா இருக்குன்னுதான் சொல்லுவாரு, அதைச் சொல்லி முடிக்கவே அம்புட்டு நேரம் ஆகும்.

கடைக்குள்ள ஏசி மூஞ்சியில அடிக்குது. என் இடத்துக்கு வந்து நின்னேன், பட்டு செக்‌ஷன் தூணு ஓரம், நிக்கிற மாதிரி நின்னேன். ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட என்னைச் சூப்பர்வைசர் ஆக்கிட்டாங்க. சின்ன முதலாளி கூப்பிட்டு, ‘அண்ணே, நீங்க இனிமே சேலையில கையே வைக்கக் கூடாது, மெத்தையில ஏறக் கூடாது, ரெண்டு கையையும் பின்னாடி கட்டிக்கிட்டு கம்பீரமா நிக்கணும், உங்களைப் பாத்தாலே பசங்க வேலை பாக்கணும்’னாரு. பஞ்சவர்ணம் வெள்ளைச் சட்டையா எடுத்துட்டா. முப்பது வருஷமா மெத்தையில மண்டி போட்டுச் சேலை விரிச்ச எனக்கு, மொத ரெண்டு நாளு பின்னாடி போன கையை என்ன பண்றதுன்னே தெரியல, பெறகு பழகிப் போச்சு. இப்பவும் அப்படித்தான் நிக்கிறேன், இன்னைக்கு அதுவும் ஒரு விதத்துல நல்லதாப் போச்சு, இந்தக் கையை யாரும் பாக்க வேணாம், சேலை காட்டுற ரெஜினா பாக்க வேணாம், அவ கண்ணு பொல்லாத கண்ணு, சேலையில ஒரு இழை விட்டிருந்தாலே கண்டுபிடிச்சிருவா. “என்னண்ணே, மூஞ்சி செத்துக் கெடக்கு? சாப்பிடலையா?” பாத்துட்டா. தலைவலி தாயி. “தைலம் தரவா?” வேணாம் வேணாம். எப்ப ஆஸ்பத்திரிக்குப் போறது? தனியாப் போகணும். வராந்தாவுல நடந்து காட்டச் சொல்லுவாங்க. நான் நடப்பேன். பாத்துக்கிட்டு நிக்க எனக்கு யாரும் வேணாம். இல்ல, ஒருத்தராச்சும் வேணும்.

அப்பத்தான் அந்தக் கூட்டம் ஏறி வந்துச்சு, உசிலம்பட்டிப் பக்கத்துக் கல்யாண வீடு, பாத்தாலே தெரியும், முன்னாடி ஒரு அம்மா கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, பின்னாடி பொண்ணு, அதுக்குப் பின்னாடி அத்தை சித்தி மதினின்னு வரிசை, ஆம்பளைங்க வாசல்லயே சேரைப் பிடிச்சுட்டாங்க. ரெஜினா ஒத்தை ஆளு, மத்த ரெண்டு பேரும் சாப்பாட்டுக்குப் போயிருக்காங்க. அவ ரெண்டு சேலை எடுத்துப் போடுறதுக்குள்ள அந்த அம்மா என்னைப் பாத்துருச்சு. “ஏண்ணே, நீங்க இங்கிட்டுத்தான் நிக்கிறீகளா? ஏன் வந்தவுகளைப் பாக்காத மாதிரி நிக்கிறீக? மூத்தவளுக்கு நீங்கதான எடுத்துக் குடுத்தீக, மாம்பழக் கலரு, மறந்து போச்சா?” மறக்கலம்மா, வாங்க, இந்தப் புள்ள காட்டும். “அதெல்லாம் இல்ல, நீங்க விரிச்சுக் காட்டுங்க, உங்க கை ராசியான கை, இவ கல்யாணமும் அதே மாதிரி நல்லா நடக்கணும்.” ராசியான கை. எந்தக் கைம்மா? நான் இப்ப சூப்பர்வைசரும்மா, கை வைக்கக் கூடாதுன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. “என்ன பிகு பண்ணிக்கிறீக? ஏறி உக்காருங்கண்ணே!” செருப்பைக் கழட்டிட்டு ஏறிட்டேன். எப்படி ஏறினேன்னு கேட்டா சொல்லத் தெரியாது, முட்டி மடங்குச்சு, மெத்தை அமுங்குச்சு, அம்புட்டுத்தான்.

மொத சேலையை எடுக்கும்போது பயந்துக்கிட்டேதான் எடுத்தேன். வலது கையில முந்தி, இடது கையில உடல், ஒரு உதறு உதறணும், உதறுறது இடது கை, வலது கை சும்மா பிடிச்சுக் குடுக்கும், முப்பது வருஷமா அதான் கணக்கு, இது விழுந்தா விழுந்துச்சு, இல்லைன்னா இல்ல. வாடாமல்லிக் கலரு, அதுல பச்சைக் கரை, மெத்தை அந்த ஓரம் வரைக்கும் ஓடிப் போயி விழுந்துச்சு. “இது கொஞ்சம் அடிக்கிற கலரா இருக்கே.” அடிக்கட்டும்மா, முகூர்த்தத்துக்கு அடிச்சாத்தான் அழகு, சரி இதைப் பாருங்க, மயில் கழுத்து, ரெஜினா மேல் தட்டுல இருந்து அந்தக் கட்டைத் தள்ளு, இதைப் பாருங்க, அரக்கு, பொண்ணு நெறத்துக்கு எடுப்பா இருக்கும், தோள்ல போட்டுப் பாரு தாயி, வெக்கப்படாத, சித்திக்காரங்க சொல்லுங்க, வெளிச்சத்துல பாக்கணுமா, தாராளமா வாசலுக்குக் கொண்டு போங்க, அதுக்குள்ள இதைப் பாருங்க, ரெண்டு பக்கக் கரை, இதைப் பாருங்க, இந்த முந்திக்கே ஓடி வந்து தாலியைக் கட்டிருவாரு மாப்பிள்ளை, “அய்ய, இந்தண்ணே பேச்சு மாறவே இல்லடி!”, இன்னும் எடு ரெஜினா, சந்தனக் கலரு எங்க, உதறு, விரி, உதறு, விரி, மெத்தை மேல சேலை மேல சேலையா ஏறி என் முட்டியே தெரியல, நெத்தியில வேர்க்குது, ஏசியில வேர்க்குது, எனக்குச் சின்ன முதலாளி கல்லாவுல இருந்து பாக்குறாருன்னு தெரியும், பாக்கட்டும், அந்த அம்மா மணி என்னண்ணே ஆச்சு, பஸ்ஸைப் பிடிக்கணும்னு கேக்க, நான் கையைத் திருப்பி மணியைச் சொன்னேன். சொல்லிட்டுச் சுவர்க் கடிகாரத்தைப் பாத்தேன். ரெண்டும் ஒரே மணி காட்டுச்சு. அப்பத்தான் எனக்கு ஞாபகமே வந்துச்சு, எனக்கு ஒரு இடது கை இருக்குன்னு, அதைப் பத்தி இம்புட்டு நேரமா நான் நெனைக்கவே இல்லைன்னு. அதுவா உதறியிருக்கு. நான் சொல்லாம, நான் பாக்காம, அது பாட்டுக்கு.

ஆடி முடிஞ்சதுல இருந்து. நான் சூப்பர்வைசர் ஆனதும் வாட்ச் லேட்டானதும் ஆடி முடிஞ்சதுல இருந்து. அட மடப்பய சோணைமுத்து. பின்னாடி கையைக் கட்டிக்கிட்டு எப்படி நிக்கிறேன் நான்? மெத்தையில உக்காந்தபடியே ரெண்டு கையையும் முதுகுக்குப் பின்னாடி கொண்டு போனேன், பழக்கம் தன்னால போச்சு, வலது கை போயி இடது மணிக்கட்டை இறுக்கிப் பிடிச்சுச்சு. வாட்சோட சேத்து. கடை தெறந்ததுல இருந்து அடைக்கிற வரைக்கும் அதை ஆட விடாம அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான்தான், வேற யாரும் இல்ல, சூப்பர்வைசர் சோணைமுத்துதான். ஜவுளிக்கடைன்னு பல்கீஸ் கிட்டச் சொன்னவன் சேலையைத் தொட்டு மாசக் கணக்காச்சுன்னு சொன்னேனா? எனக்கே தோணலையே, நான் இன்னும் மெத்தை மேலதான் இருக்கேன்னு நெனைப்பு எனக்கு. அண்ணே, கேட்டீகளா, உங்க வாட்ச் எனக்குச் சொன்னது அந்தச் சேதி இல்லண்ணே, வேற சேதி. எனக்குச் சிரிப்பு வருது, கண்ணுலயும் வருது, சந்தனக் கலருல சொட்டிறக் கூடாதுன்னு தோள்ல துடைச்சுக்கிட்டேன். “என்னண்ணே அழுகுறீக?” அந்த அம்மா பயந்து போச்சு. ஒண்ணும் இல்லம்மா, வேர்வை, கண்ணுல எறங்கிருச்சு.

“சரிண்ணே, எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எதுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளையும் கூட்டிக்கிட்டு வெள்ளிக்கிழமை வர்றோம்.” கூட்டம் எந்திரிச்சுருச்சு. ஒரு சேலை எடுக்கல. மெத்தையைப் பாத்தா வைகையில வெள்ளம் வந்து வடிஞ்ச மாதிரி கெடக்கு. ரெஜினா இடுப்புல கையை வச்சுக்கிட்டு அவங்க படியிறங்குறதையே பாக்குறா. “இம்புட்டையும் விரிக்க விட்டுட்டு வெள்ளிக்கிழமையாம்ல! பத்திக்கிட்டு வருதுண்ணே எனக்கு.” போகட்டும் விடு தாயி, மகராசி, நல்லா இருக்கட்டும், அவ மகளும் நல்லா இருக்கட்டும். “உங்களுக்கு என்னமோ ஆயிருச்சு இன்னைக்கு, தலைவலின்னீக, இப்ப இளிக்கிறீக. எந்திரிங்க, சின்ன முதலாளி பாக்குறாரு, நான் மடிச்சுக்கிறேன்.” பாக்கட்டும். நாளைக்குத் தெருவுல நடக்கும்போது இந்தக் கையை ஓரக் கண்ணால பாப்பேன், பாக்காம இருக்க மாட்டேன், அது இனி சாகிற வரைக்கும் இருக்கும் போல. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பஞ்சவர்ணத்துக்கிட்ட எல்லாத்தையும் சொல்லிரணும், நடுத்தெருவுல பித்தான் கழட்டினது வரைக்கும், அவ திட்டுவா, வாய் வலிக்கத் திட்டுவா, கேக்க ஆசையா இருக்கு. சின்ன முதலாளி கல்லாவை விட்டு எந்திரிச்சு இங்கிட்டுத்தான் வர்றாரு. “அண்ணே, என்னண்ணே இது, உங்களை எறங்கி நிக்கச் சொன்னேன்ல?” ஆமா தம்பி, சொன்னீக. இதை மட்டும் மடிச்சுட்டு வந்துர்றேன். வாடாமல்லியை இழுத்து மடியில போட்டு, முந்தியை வலது கையில பிடிச்சு, இடது கையை நல்லா நீட்டி ஒரு உதறு உதறினேன்.